அலங்கோலமாகக் கிடந்தாள்

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் அடுக்களை அலமாரியை ஒழித்துப் போட்டேன். இந்துவிடம் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அலுத்து, இன்று நானே இறங்கிவிட்டேன். மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், எந்தக் காலத்திலோ வாங்கிக் கட்டியாகிப்போன பெருங்காயம். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி நகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டேன். மேல்தட்டில் அரிசி, பருப்பு. நடுவில் பொடி வகைகள். கீழே எண்ணெய். இப்போது பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

இந்து கோயிலுக்குப் போயிருந்தாள். வந்து பார்த்துவிட்டுச் சமையலைத் தொடங்கினாள். சாப்பாடு முடிந்த பிறகு, மேலே ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்ததே என்று கேட்டாள். துருப்பிடித்த டப்பாதானே, அதுவும் போய்விட்டது என்றேன். அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஊக்குகள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நாலு ஊக்குக்கு இப்படி ஒரு முகம்.

மாலையில் பதினொன்றாம் வகுப்புக் கட்டுரை ஏடுகளைத் திருத்தினேன். தமிழாசிரியனாக இருப்பதில் பெரிய தண்டனை கையெழுத்துகளைப் படிப்பதுதான். பாதிக்கு மேல் 'அலங்கோலம்' என்று சிவப்பு மையில் எழுத வேண்டியிருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

சங்கரன்கோவிலுக்குப் போய்வரவா என்று இந்து கேட்டாள். அங்கே அவள் தம்பி சுடலைமணி இருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் குடும்பத்தோடு நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார், மாதக் கடைசியில் போகலாம் என்றேன். சரி என்றாள். பிறகு பின்வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் போனதும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கிறாள். சாயங்காலம் குடம் கையிலிருந்து நழுவி, கூடம் முழுக்கத் தண்ணீர். ஏன் இப்படித் தொட்டதையெல்லாம் அலங்கோலம் பண்ணுகிறாய் என்று கேட்டேன். துணியை எடுத்துவந்து துடைத்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி வராந்தா.

இந்து உள்ளே இருக்கிறாள். பார்க்க விடவில்லை.

மூன்றாவது பாடவேளையில் போன் வந்தது. எதிர்வீட்டுச் செல்லக்கனி அக்கா. "சார், ஒடனே கெளம்பி வாங்க. இந்து வீட்டுக்குள்ள அலங்கோலமாக் கெடந்தா. பேச்சுமூச்சு இல்ல. ஆட்டோல ஏத்தி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்." அதற்கு மேல் அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, இங்கே முடியாது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். வழியெல்லாம் அவள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே இருந்தது. நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு செருப்புகூட இல்லாமல் வெறுங்காலாகக் கிடந்தாள்.

வலிப்பு என்கிறார்கள். இவளுக்கு ஏது வலிப்பு?

பிப்ரவரி 7, வெள்ளி

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார். வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வந்திருக்கிறது, மூளை களைத்துவிடும், அதனால் மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருக்கிறோம், மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறது என்றார். இதற்கு முன் வந்திருக்கிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிட்டுவந்து திடீரென்று நிறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். ஒன்பது வருடமாகக் கூட இருக்கிறேன், எனக்குத் தெரியாமல் என்ன மாத்திரை என்றேன்.

சுடலைமணி காலையிலேயே வந்துவிட்டான். என் பின்னால்தான் நின்றான். வெளியே வந்த பிறகு, கைபேசியை மேஜையில் வைத்துவிட்டேன் அத்தான் என்று சொல்லி மறுபடி டாக்டர் அறைக்குள் போனான். வர வெகுநேரம் ஆயிற்று.

கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்க்கவிட்டார்கள். வாயில் குழாய். முகம் வீங்கியிருக்கிறது. தலைமுடியை யாரோ மொத்தமாக அள்ளி ரப்பர் வளையத்தில் கட்டியிருக்கிறார்கள்.

என் பெஞ்சில் ஒரு கிழவர் விடாமல் இருமுகிறார். உட்கார்ந்தால் அக்கா சொன்னதே காதில் கேட்கிறது. மயங்கிக் கிடந்தாள் என்று சொல்லியிருக்கலாம். விழுந்து கிடந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அலங்கோலமாகக் கிடந்தாள் என்று ஏன் சொன்னாள்?

பிப்ரவரி 8, சனி

மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி செல்லக்கனி அக்காவிடம்.

திறந்து பார்த்தேன். கூடத்தில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அரிசி சிதறியிருந்தது. எவர்சில்வர் தட்டு சுவரோரம் உருண்டு போயிருந்தது. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் தரையில் ஒரு கறை, துடைத்தும் போகாத கறை. அடுக்களைக் கதவோரம் புது சிலிண்டர் ஒன்று சீல் பிரிக்காமல் நின்றது.

சிலிண்டர் எப்போது வந்தது என்று அக்காவைக் கேட்டேன். அந்தப் பையன்தானே சார் மொதல்ல பாத்தது என்றாள். ஏஜென்சியிலிருந்து சிலிண்டர் போட வருகிற ஜெயபாண்டி. அவன் உள்ளே இருந்து கத்தியதைக் கேட்டுத்தான் அக்கா ஓடியிருக்கிறாள். அவள் போகும்போது அவன் இந்துவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தானாம்.

நான் கேட்டேன்: "அலங்கோலமாக் கெடந்தான்னு சொன்னீங்களே. வீட்டச் சொன்னீங்களா, இவளச் சொன்னீங்களா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டுந்தான் சார்" என்றாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அரிசியைக் கூட்டி அள்ளினேன். நாற்காலியை நிமிர்த்தினேன். பிறகு அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் பிரித்தேன். ஒழுங்கின்மை, சீர்குலைவு என்று இரண்டே சொற்கள் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியாததா? அறை அலங்கோலம் என்றால் பெருக்கிவிடலாம். எழுத்து அலங்கோலம் என்றால் திருப்பி எழுதச் சொல்லலாம். தலை அலங்கோலம் என்றால் சீப்பு இருக்கிறது. ஒரு பெண் அலங்கோலமாகக் கிடந்தாள் என்றால் மட்டும் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, சொல்கிறவர்களும் சொல்வதில்லை. மிச்சத்தை அவரவர் மனதில் நிரப்பிக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தலைமையாசிரியர் இன்று சாப்பிட வந்திருக்க வேண்டும். போனில் விசாரித்தார்.

இந்துவுக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறது. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். மயக்க மருந்தைக் குறைத்தால் வலிப்பு திரும்புகிறது, குறைக்காவிட்டால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, சொந்தக்காரர்கள் யாரும் பார்க்க வேண்டுமானால் வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சுடலைமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். நான் அழவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். அவள் வரும்போது உடம்பில் இருந்தவை. கத்தரியால் வெட்டிய புடவை, ஜாக்கெட், வளையல்கள், தாலிக்கொடி தனியாக ஒரு காகிதத்தில் மடித்து. அடியில் ஒரு காக்கிச் சட்டை. ஆண்பிள்ளைச் சட்டை. மேல் பொத்தான் இரண்டு பிய்ந்து போயிருக்கின்றன.

இது யாருடையது என்று நர்ஸைக் கேட்டேன். உங்களுடையது இல்லையா என்று அவர் கேட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். ஏஜென்சி கிடங்கில் ஜெயபாண்டி வண்டியில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். புதுக் காக்கிச் சட்டை போட்டிருந்தான், மடிப்புகூடக் கலையாமல். என்னைக் கண்டதும் இறங்கி வந்து, அவங்க எப்படி இருக்காங்க சார் என்று கேட்டான். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கவில்லை.

எப்படி உள்ளே போனாய் என்று கேட்டேன். கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது என்றான். சட்டை எப்படிப் பிய்ந்தது என்றேன். தூக்கும்போது என்றான். அவள் எப்படிக் கிடந்தாள் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சார், அதயெல்லாம் விடுங்க. அவங்க மொதல்ல பொழச்சு வரட்டும்."

எதையெல்லாம்? எதை நான் விட வேண்டும்?

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். என் கால் தானாகவே போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். சந்தேகத்தைச் சொல்வது ஒரு கணவனின் கடமை. அவளால் பேச முடியாதபோது நான்தானே பேச வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார்: 'மேற்படியார் வீட்டினுள் ஆடைகள் அலங்கோலமான நிலையில் மயங்கி கிடந்ததாகவும்...'

'ஆடைகள்' என்று நான் சொல்லவில்லை. அது அவராகச் சேர்த்தது.

'மயங்கி கிடந்த' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. 'மயங்கிக்' என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார். 'அ. நமச்சிவாயம், முதுகலைத் தமிழாசிரியர்' என்று கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்தபோது சுடலைமணி, எங்க போனீங்க அத்தான், டாக்டர் உங்களத் தேடினாங்க என்றான். ஊரில் கொஞ்சம் வேலை என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை.

செல்லக்கனி அக்கா போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது. ஜெயபாண்டியை நேற்று சாயங்காலம் தெருவில் வைத்தே ஜீப்பில் ஏற்றிப் போனார்களாம். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம். அக்காவையும் விசாரித்திருக்கிறார்கள். "தெரு முழுக்க என்ன பேசுதுன்னு தெரியுமா சார்? அந்தப் புள்ள அங்க உசுருக்குப் போராடுது. இங்க அவ மானத்த நாலு பேரு மென்னுக்கிட்டு இருக்கான். நான் ஒரு பதட்டத்துல சொன்ன வார்த்தய நீங்க எங்கே கொண்டுபோய்ச் சேத்திருக்கீங்க?"

நான் அவள் பேரைக் காப்பாற்றத்தான் போனேன் என்று சொன்னேன். அக்கா இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

தலைமையாசிரியரும் பேசினார். கேள்விப்பட்டேன், மனதைத் தளரவிடாதீர்கள், இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்றார். என்ன கேள்விப்பட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டபோது வராந்தாவின் முனையில் போய் நின்றுகொண்டேன். மூன்றாவது மாடி. கீழே சைக்கிள்கள் சின்னதாகத் தெரிந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

சுடலைமணிக்கும் யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். டீக்கடைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னான்.

"அக்காவுக்குப் பதினாலு வயசுலேர்ந்து வலிப்பு உண்டு அத்தான். மாத்திரை போட்டா வராது. கல்யாணத்துக்கு முன்னால உங்ககிட்டச் சொல்லிரணும்னு அவ அழுதா. அப்பாதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. மாசாமாசம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பிஸ்கட் டப்பாக்குள்ள வெச்சிருந்தா. டப்பா போயிருச்சுன்னு செவ்வாக்கெழம போன் போட்டா. இங்க வர்றேன்னா. அப்புறம் வர முடியலன்னா. வெள்ளிக்கெழம நானே கொண்டுட்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன்."

நாலு நாளாக டாக்டருக்குத் தெரியும். நர்ஸ்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஊக்குகள் என்றுதான் சொன்னாள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இது என்ன காய்கறிக் கடையா சார், வேண்டாமென்றால் கூடையில் திருப்பிப் போடுவதற்கு என்று கேட்டார். உங்கள் மனைவி கண் விழித்து வாக்குமூலம் கொடுக்கட்டும், அதுவரை பையன் தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அவள் விழிக்காவிட்டால் என்று கேட்க நினைத்தேன்.

ஏஜென்சியில் ஜெயபாண்டியை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குப் போகிற வேலை, பேர் கெட்டவனை எப்படி அனுப்புவது என்றாராம் முதலாளி.

டாக்டரிடம் நானே கேட்டேன். கேட்டே தீர வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: நாக்கைக் கடித்திருக்கிறார், முழங்கையில் சிராய்ப்பு, வலிப்பில் சிறுநீர் போயிருக்கிறது, வேறு எதுவும் இல்லை. வலிப்பு வருகிறபோது உடம்பு யார் பேச்சையும் கேட்காது, துணி விலகும், பார்க்கிறவர்கள் மேலே எதையாவது போட்டு மூடுவார்கள் என்றார். யாரோ ஒரு சட்டையைப் போட்டு மூடி எடுத்துவந்திருக்கிறார்கள், நல்ல மனிதர் என்றார்.

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே ஆட்கள் தட்டும்வரை.

பிப்ரவரி 15, சனி

அவள் செத்துவிட்டால் இதை யார் மாற்றி எழுதுவார்கள்? ஸ்டேஷன் காகிதத்தில் அவள் அப்படியேதான் கிடப்பாள். என் கையெழுத்தோடு.

ரத்த அழுத்தம் மறுபடி இறங்கியது. சுடலைமணி நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் விபூதி கொண்டுவந்தான். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்ணாடியில் பூசினான். துப்புரவு அம்மா வந்து துடைத்தார். அவன் மறுபடி பூசினான். அந்த அம்மா அதற்குப் பிறகு துடைக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்று மருந்தைக் குறைத்தார்கள். வலிப்பு வரவில்லை. இன்று கண் திறந்தாள்.

என்னைப் பார்த்தாள். தெரிந்ததா என்று தெரியவில்லை. சுடலைமணி அக்கா என்று கூப்பிட்டதும் கண்ணோரம் நீர் இறங்கியது.

பிப்ரவரி 20, வியாழன்

குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் கரகரவென்று, காற்றாக வருகிறது. முதலில் தண்ணீர் கேட்டாள்.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். டாக்டர் பத்து நிமிடம் மட்டும் அனுமதித்தார். நான் வெளியே போகிறேன் என்றேன். இருங்கள், நீங்கள்தானே புகார்தாரர் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார்.

இந்து தயங்காமல்தான் சொன்னாள். சின்ன வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. மாத்திரை தீர்ந்துபோய்விட்டது. அரிசி களையப் போனபோது வலது கை உதறத் தொடங்கியது. கதவைத் திறந்து வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று வாசலுக்குப் போய்த் திறந்தாள். திரும்புகையில் விழுந்தாள். பிறகு யாரோ தூக்கியது மட்டும் கனவு போல ஞாபகம்.

மாத்திரை தீர்ந்துபோய்விட்டது என்றுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

எஸ்.ஐ. குரலைத் தணித்து, அந்தப் பையன் ஏதாவது தப்பாக நடந்துகொண்டானா அம்மா என்று கேட்டார். இந்துவுக்குப் புரியவில்லை. எந்தப் பையன் என்றாள். எஸ்.ஐ. வேறு விதமாகக் கேட்டார். புரிந்ததும் அவள் முகம் மாறிய விதத்தை நான் எழுத முடியாது.

"யாரு அப்படிச் சொன்னது?"

எஸ்.ஐ. காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்துவும் என்னைப் பார்த்தாள். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. நான் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் சுடலைமணியைக் கூப்பிட்டாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஜெயபாண்டி வீட்டுக்குப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால், ஒற்றை அறை. அவன் மனைவி வாசலில் நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. இப்போது செங்கல் சூளையில் வேலைக்குப் போகிறானாம். வரும்வரை தெருவில் நின்றேன். எதிரே ஒரு ஆள் என்னை அடையாளம் கண்டு, பக்கத்திலிருந்தவனிடம் எதையோ சொன்னான்.

அவன் வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். கை கூப்பித்தான் கேட்டேன். ஏஜென்சிக்கு நானே வந்து முதலாளியிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லுங்க என்றான். அவனுக்குக் கோபம்கூட இல்லை. களைப்பாக இருந்தான். அவங்களுக்கு இப்ப நினைவு நல்லா இருக்கா என்று மட்டும் கேட்டான்.

கிளம்பித் திரும்பியவன் ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. எல்லாம் தெளிந்த பிறகும் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவள் எப்படிக் கிடந்தாள் என்று மறுபடி கேட்டுவிட்டேன்.

அவன் மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டாள். ஜெயபாண்டி என்னையே பார்த்தான்.

"அவங்க எப்படிக் கெடந்தாங்கன்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க. சொல்லல. என் பொண்டாட்டி கேட்டா. சொல்லல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன் சார். நீங்க போங்க."

ஏஜென்சி முதலாளியைப் பார்த்தேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். யோசிக்கலாம் என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நேற்று முழுவதும் வீட்டைத் துடைத்தேன். மெத்தை விரிப்பு மாற்றினேன். அந்தக் கறைமேல் பாய் போட்டேன். இன்று ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் கார் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். கீழே வந்தால் சுடலைமணியும் ஒரு கார் கொண்டுவந்திருந்தான்.

சங்கரன்கோவிலுக்குப் போகிறேன் என்று இந்து சொன்னாள். கொஞ்ச நாளா என்று கேட்டேன். இன்னும் சக்கர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். சுடலைமணி பைகளை ஏற்றப் போனான். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு டிரைவரிடம் வழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எங்களுக்கு இடம் விட்டான் என்று நினைக்கிறேன்.

நான் என்ன சொல்வது என்று தெரியாமல், அக்கா அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த நினைப்பே வந்திருக்காது என்றேன். அந்தச் சொல்லுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது வேறு பொருள் வந்துவிடுகிறது, அதுதான் என் புத்தியைக் கெடுத்துவிட்டது என்றேன். வகுப்பில் பேசுவது போலத்தான் பேசியிருப்பேன்.

அவள் முழுவதும் கேட்டாள். குரல் இன்னும் தேறவில்லை, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா ஒரு தடவதான சொன்னா. நீங்க தெனமும் சொல்வீங்க. தல சீவலன்னா சொல்வீங்க. சேல கசங்கியிருந்தாச் சொல்வீங்க. எப்பப் பாரு அலங்கோலமா நிக்கிறன்னு ஆளுங்க முன்னாடியே சொல்லியிருக்கீங்க. அப்பல்லாம் எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

திட்டுவது போல இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. நான் இருபது வருடம் சொல்லுக்குப் பொருள் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். சும்மா, பழக்கத்தில் என்று ஆரம்பித்தேன்.

சுடலைமணி வந்து அவளைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தான்.

மார்ச் 2, ஞாயிறு

மாவு பாக்கெட் வாங்கித் தோசை சுட்டேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவி வைத்துவிட்டால் செய்வதற்கு வேலை இல்லை. செல்லக்கனி அக்கா என்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

ஜெயபாண்டியை ஏஜென்சியில் திரும்ப எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. எங்கள் தெருவுக்கு மட்டும் வேறு ஆள் வருகிறான்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லாமல்தான் சங்கரன்கோவில் போனேன். சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

சுடலைமணி இல்லை. அவன் வீட்டு முற்றம் முழுக்க மிளகாய் வற்றல் காய்ந்தது. இந்துவும் சுடலைமணியின் மனைவியும் நிழலில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சாக்கு, முறம், உதிர்ந்த விதை, பாதி குடித்த காபி டம்ளர், யாரோ கழற்றிப் போட்ட செருப்பு. இந்து தலைக்குக் குளித்து முடியை அப்படியே விரித்துப் போட்டிருந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தாள். மூக்கின்மேல் மிளகாய்த்தூசி. எதையோ சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கும்போது முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருப்பதை இன்றுதான் பார்த்தேன். விழுந்த அன்று உடைந்திருக்க வேண்டும்.

என்னைக் கண்டதும் தம்பி மனைவி வாங்கண்ணே என்று எழுந்து, காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

இந்து வாங்க என்றாள். கிள்ளுவதை நிறுத்தவில்லை.

உட்கார இடம் தேடினேன். இல்லை. அந்த ஓரம் உக்காருங்க, வத்தல மிதிச்சிராதீங்க என்றாள். சாக்கை விலக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தும்மல் வந்தது. கையைக் கண்ணில் வைக்காதீங்க என்றாள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்றாள். நான் எழுதிக்கொண்டு போயிருந்த எதையும் பேச வரவில்லை. கடைசியில், வீட்டுக்கு வர்றியா என்றேன்.

"இப்ப இல்ல."

எப்போது என்று கேட்டேன்.

"தெரியல. வரணும்னு தோணினா நானே சொல்றேன். தோணாமலும் போகலாம். அதையும் சொல்லிருவேன்."

நானும் ஒரு கை வற்றலை எடுத்துக் காம்பு கிள்ளத் தொடங்கினேன். அவள் தடுக்கவில்லை. நான் கிள்ளியவற்றில் பாதி உடைந்துபோயின. அவள் அவற்றைத் தனியே பொறுக்கிப் போட்டாள்.

எங்கள் வீட்டில் என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே அவள் கை தலைக்குப் போகும். முந்தானையை இழுத்துவிடுவாள். தரையில் கிடப்பதை அவசரமாக அள்ளுவாள். வெளிச்சம் மங்கும் வரை அங்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்றில் முடி முகத்தில் விழுந்தது, புறங்கையால் தள்ளிவிட்டாள். முந்தானை சரிந்து மிளகாய்மேல் கிடந்தது, கிடக்கவிட்டாள். கடைசிப் பஸ்ஸுக்கு நான் எழுந்தபோதும் அவள் எதையும் சரிசெய்யவில்லை. முறத்தைத் தட்டி விதையை ஊதிக்கொண்டிருந்தாள்.